புழுங்கல் அரிசியும் பெரிபெரி நோயும்
கோலாலம்பூரில் நடந்த ஒரு சோதனையின் வரலாறு

பூசைக்கும் பொங்கலுக்கும் பச்சரிசி, அன்றாடப் பசிக்குப் புழுங்கல் அரிசி என்பது நம் முன்னோர் வகுத்துக்கொண்ட முறை. அதனாலோ என்னவோ, புழுங்கல் அரிசிச் சோற்றைச் சற்றுத் தாழ்வாக எண்ணும் வழக்கம் நம்மவரிடையே நெடுங்காலமாக உண்டு. ஆயினும், ஏறத்தாழ நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் இந்த மலாயா மண்ணில், தமிழ்த் தொழிலாளரின் நரம்பையும் இதயத்தையும் காத்து நின்றது அந்தப் புழுங்கல் அரிசியே. அதனை உலகுக்கு எடுத்துக்காட்டிய சோதனையும் நம் கோலாலம்பூரிலேயே நடந்தது. நம் மாணவருள் பலர் அறியாத செய்தி இது.

பெரிபெரி என்னும் நோய் அக்காலத்தில் ஈயச் சுரங்கங்களையும் சிறைகளையும் மருத்துவமனைகளையும் அலைக்கழித்தது. முதலில் கால் மரத்துப்போகும், நடை தள்ளாடும், சிலருக்கு உடல் வற்றும், சிலருக்கு நீர்கோத்து வீங்கும், முடிவில் இதயம் ஓய்ந்துபோகும். சீனாவிலிருந்து வந்த சுரங்கத் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் மாண்டனர். கிருமிகளைப் பற்றிய புதிய அறிவு மருத்துவ உலகை மயக்கியிருந்த காலம் அது. எந்த நோய்க்கும் ஒரு கிருமியைத் தேடினார்கள். 1900ஆம் ஆண்டில் கோலாலம்பூரில் நிறுவப்பட்ட மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் முதல் இயக்குநர் ஹாமில்டன் ரைட், பெரிபெரியும் தொற்றுநோயே என்று உறுதியாக நம்பினார்.

நெகிரி செம்பிலானில் அரசு மருத்துவராயிருந்த பிராடன் வேறு கண்ணோடு பார்த்தார். ஒரே நாடு, ஒரே வெயில், ஒரே மழை. ஆனால் நோய் மட்டும் ஆள் பார்த்து வருகிறதே, ஏன்? சீனத் தொழிலாளர் சயாமிலிருந்து வந்த, ஆலையில் நன்றாகத் தீட்டிய வெள்ளைப் பச்சரிசியை உண்டனர். அவர்களை நோய் வாட்டியது. கம்பத்து மலாய்க்காரர் தம் நெல்லைத் தாமே குற்றி உண்டனர்; அவர்களிடம் நோய் அரிது. தோட்டத்துத் தமிழரோ இந்தியாவிலிருந்து வந்த புழுங்கல் அரிசியை உண்டனர். அவர்களிடமும் நோய் அரிது. இதனை அவர் 1907இல் ஒரு பெரிய நூலாகவே வெளியிட்டார். அரிசியே காரணம் என்று கண்டது சரி. தீட்டிய அரிசியில் ஏதோ ஒரு நஞ்சு உண்டாகிறது என்று அவர் கருதியது பிழை. பாதி உண்மையும் சில வேளைகளில் பெரும் பயன் தருகிறது.

நெல்லை ஊறவைத்து, அவித்து, வெயிலில் உலர்த்தி, அதன் பின்னரே குற்றுவது புழுங்கல் முறை. நம் பாட்டிமார் இதற்கு விளக்கம் எதுவும் சொன்னதில்லை. அவிக்கும்போது, தவிட்டிலும் முளையிலும் உள்ள சத்தின் ஒரு பகுதி நீரோடு சேர்ந்து அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. பின்னர் தீட்டினாலும் அது முழுதும் போவதில்லை. பச்சரிசியிலோ அச்சத்து மேலுறையிலேயே தங்கியிருந்து, ஆலையில் தவிட்டோடு போய்விடுகிறது.

இனிச் சோதனைக்கு வருவோம். கோலாலம்பூரில் அப்போது ஒரு மனநோயாளர் விடுதி இருந்தது. (தஞ்சோங் ரம்புத்தான் மருத்துவமனை 1911இல் தான் திறக்கப்பட்டது.) 1905இல் அவ்விடுதியில் பெரிபெரி கடுமையாகப் பரவியது. வில்லியம் பிளெட்சர் என்னும் மருத்துவர், அவ்வாண்டு டிசம்பரில் நோயாளர் அனைவரையும் உணவுக்கொட்டகையில் வரிசையாக நிறுத்தி, இடப்பக்கத்திலிருந்து எண்ணச் செய்தார். ஒற்றைப்படை எண் பெற்றவர் முற்றத்தின் கிழக்குப் பக்கக் கூடத்துக்குச் சென்றனர். அவர்களுக்குப் பழையபடி சயாம் பச்சரிசி. இரட்டைப்படை எண் பெற்றவர் மேற்குப் பக்கக் கூடத்துக்குச் சென்றனர். அவர்களுக்கு இந்தியப் புழுங்கல் அரிசி. மற்ற உணவில் எவ்வித வேறுபாடும் இல்லை. புதிதாக வந்தவர்களையும் மாற்றி மாற்றியே இரு கூடங்களுக்கும் அனுப்பினார். இடத்தினால் நோய் வருகிறதோ என்னும் ஐயத்தைப் போக்க, 1906ஆம் ஆண்டின் நடுவில் இரு சாராரின் கூடங்களையும் மாற்றியமைத்தார், அரிசியை மாற்றவில்லை.

ஆண்டு முடிவில் கணக்குப் பார்த்தார்கள். பச்சரிசி உண்ட 120 பேரில் முப்பதுக்கு மேற்பட்டோருக்கு நோய் கண்டது. 18 பேர் மாண்டனர். புழுங்கல் உண்ட 123 பேரில் இருவரிடம் மட்டுமே நோய் இருந்தது. அவ்விருவரும் விடுதிக்கு வரும்போதே நோயோடு வந்தவர்கள். இறந்தவர் எவருமில்லை.

பிளெட்சரின் அறிவுக்கூர்மையைப் போற்றத்தான் வேண்டும். எனினும் அந்தப் பதினெட்டு உயிர்களை எளிதாகத் தாண்டிச் செல்ல எனக்கு மனம் வரவில்லை. தமக்கு என்ன நடக்கிறது என்று அறியவோ, வேண்டாமென்று சொல்லவோ இயலாத மனிதர்கள் அவர்கள். ஆண்டின் நடுவிலேயே வேறுபாடு கண்ணுக்குத் தெரிந்திருக்கும். சோதனைக்கு உட்படுவோரின் இசைவைப் பெற வேண்டும் என்னும் விதி 1947இல், நூரம்பெர்க் தீர்ப்பில் தெளிவாக எழுதப்பட்டது.

அடுத்து வந்த பிரேசரும் ஸ்டாண்டனும் 1907இல் ஜெலுபு வட்டாரத்தில் சாலை வேலைக்கு வந்த ஏறத்தாழ 300 ஜாவானியரை இரு குழுவாக்கினர். வெள்ளையரிசி உண்டவரிடையே ஏறத்தாழ மூன்று மாதங்களில் நோய் தலைகாட்டியது. அரிசியை மாற்றியதும் நின்றது. 1910இல் மணிலாவில் கூடிய கீழைநாட்டு மருத்துவர் மாநாடு, தீட்டிய அரிசிக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பை ஏற்றுக்கொண்டது. பத்தேவியாவில் கோழிகளை வைத்து இவ்வழியை முன்னரே திறந்தவர் எய்க்மன். 1929இன் நோபெல் பரிசு அவரைச் சேர்ந்தது. ‘வைட்டமின்’ என்னும் பெயர் 1912இல் பங்க் என்பவர் தந்தது. அச்சத்தைத் தனியே பிரித்தெடுத்தது 1926இல், மீண்டும் பத்தேவியாவில். 1936இல் அதனை ஆய்வுக்கூடத்தில் செய்துகாட்டிய இராபர்ட் வில்லியம்ஸ் நம் நெல்லூரில் பிறந்தவர் என்பது பலர் அறியாதது.

தயமின் எனப்படும் அந்த உயிர்ச்சத்து இல்லையேல், உண்ட சோற்றின் சர்க்கரையை உடலால் முறையாக எரித்து ஆற்றலாக்க முடியாது. மூளையோ ஏறக்குறைய முழுவதும் சர்க்கரையை நம்பியே வாழும் உறுப்பு. ஆகவே குறைபாடு முற்றினால் நரம்போடு நில்லாமல் மூளையையும் தாக்கிக் குழப்பமும் மறதியும் உண்டாக்குகிறது. 1942 முதல் 1945 வரை சயாம்–பர்மா இரயில் பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்ட நம் தோட்டத் தமிழர், தீட்டிய அரிசியையும் அரைவயிற்றுக் கஞ்சியையும் உண்டு இந்நோய்க்கும் இரையானார்கள். தம் அரிசியால் தப்பியிருந்த இனம், அது கைவிட்டுப் போனதும் வீழ்ந்தது.

உணவுக்கும் மூளைக்கும் உள்ள உறவைப் பற்றிய ஆராய்ச்சி இப்போது குறைவை விட்டு மிகுதிக்குத் திரும்பியுள்ளது. நம் உடலின் ஏறக்குறைய ஒவ்வோர் உயிரணுவிலும் மரபணுக்கள் உள்ளன. எனினும் அவை எல்லாம் எந்நேரமும் வேலை செய்வதில்லை. எவை விழித்திருக்க வேண்டும், எவை உறங்க வேண்டும் என்பதில் உணவுக்கும் பங்குண்டு. கொழுப்பு மிகுந்த தீனியை எலிகளுக்குத் தொடர்ந்து கொடுத்துப் பார்த்த ஆய்வுகள் 2005 முதல் பல வெளிவந்துள்ளன. பசியை ஆளும் ஹைப்போதலாமஸ் என்னும் மூளைப்பகுதியில் அழற்சியைத் தூண்டும் மரபணுக்கள் மிகுதியாகச் செயற்படுவதை அவை காட்டின. ‘போதும்’ என்று உடற்கொழுப்பிலிருந்து வரும் லெப்டின் செய்தி அப்போது மூளைக்குச் சரிவரக் கேட்பதில்லை. எலியோ வயிறு நிறைந்த பின்னும் தின்கிறது.

எலிக்குக் காண்பது மனிதருக்கு எவ்வளவு பொருந்தும் என்பது தனி ஆராய்ச்சி. ஆனால் 2019இல் எடுக்கப்பட்ட தேசிய உடல்நலக் கணக்கெடுப்பின்படி, இந்நாட்டில் வயது வந்தோருள் நூற்றுக்கு 18.3 பேருக்கு நீரிழிவு. இந்தியருள் மட்டும் 31.4. கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் மளிகைக் கடைகளில் புழுங்கல் அரிசி மூட்டை இன்னும் இருக்கிறது. என் வகுப்பில் அதன் சோற்றை வீட்டில் உண்பவர் யார் என்று கேட்டால் உயரும் கைகள் சிலவே. பாட்டி வீட்டில் உண்பதாகச் சொல்பவர்களே மிகுதி.