அச்சம் அடைத்த கதவு, அன்பு திறந்த கதவு

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்...



நமது ஊரின் வரலாற்றைப் பேசும்போதெல்லாம் கடல் வாணிபத்தையும் பள்ளிவாசலின் தொன்மையையும் பெருமையுடன் நினைவுகூர்கிறோம். ஆயின், நம் முன்னோரின் உள்ளத்தில் நெடுங்காலம் குடியிருந்த ஓர் அச்சத்தின் வரலாற்றை நாம் அதிகம் பேசுவதில்லை. பிள்ளை இங்கிலீஷ் பள்ளிக்கூடம் போனால் ஈமான் போய்விடும் என்பதே அந்த அச்சம்.

இம்மண்ணில் 1944-இல் பிறந்து, ‘சாய்வு நாற்காலி’ நாவலுக்காக 1997-இல் சாகித்ய அகாதெமி விருது பெற்ற மர்ஹூம் தோப்பில் முஹம்மது மீரான் அவர்கள், 1988-இல் நூலாக வெளிவந்த ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’யில் இந்த அச்சத்தையே முக்கியப் பொருளாக்கினார். கடலோர முஸ்லிம் கிராமம் ஒன்றில் ஆங்கிலக் கல்விக்கு எழுந்த எதிர்ப்பையும், ஒரு குடும்பத்தின் வீழ்ச்சியையும் அந்நாவல் காட்டுகிறது.

அந்த அச்சத்தை வெறும் அறியாமை என்று ஒதுக்கிவிடுவது நீதியாகாது. அந்நாளில் தென் திருவிதாங்கூரில் ஆங்கிலக் கல்வியைப் பரப்பியதில் மிஷன் பள்ளிகளுக்குப் பெரும் பங்கு இருந்தது. ஆங்கிலமோ நாட்டை ஆண்ட அந்நியரின் மொழி. வீட்டில் தமிழ், ஓத்துப்பள்ளியில் அரபி, பள்ளிக்கூடத்தில் மலையாளம் என்று மூன்று எழுத்துகளுக்கிடையே நம் பிள்ளைகள் தத்தளித்தனர். மீரான் அவர்களே மலையாள வழியில் பயின்றவர்தாம். 1956 நவம்பர் 1-ஆம் நாள் குமரி மாவட்டம் தமிழகத்தோடு இணையும் வரை இதுவே நிலைமை. தன் பிள்ளை தன் கைக்கு எட்டாத ஓர் உலகிற்குப் போகிறான் என்று ஒரு தந்தை கலங்கியது இயல்பே.

அந்தக் கலக்கத்தைப் புரிந்துகொண்டு மருந்து கண்டவர், திருவிதாங்கூரின் மார்க்க அறிஞர் வக்கம் அப்துல் காதிர் மௌலவி (1873-1932) அவர்கள். 1905-இல் ‘சுதேசாபிமானி’ இதழைத் தொடங்கியவர். 1910-இல் அரசு அவருடைய அச்சகத்தைப் பறிமுதல் செய்து, ஆசிரியர் இராமகிருஷ்ண பிள்ளையை நாடு கடத்தியது. அத்தனை இழப்பிற்குப் பின்னும் மௌலவி அவர்கள் சமுதாயக் கல்விப் பணியைக் கைவிடவில்லை.

“பிள்ளைகளை அனுப்புங்கள்” என்று பெற்றோரை இடித்துரைப்பதோடு அவர் நிற்கவில்லை. அவர்கள் எதை அஞ்சினார்களோ அதற்கே விடை தேடினார். அவரது இடைவிடாத வேண்டுகோளின் பயனாக, முஸ்லிம் மாணவர் பயிலும் அரசுப் பள்ளிகளில் அரபி கற்பிக்கத் திருவிதாங்கூர் அரசு ஏற்பாடு செய்தது. கட்டணச் சலுகையும் உதவித்தொகையும் வழங்கப்பட்டன. பெண் குழந்தைகளுக்குக் கட்டணம் முழுவதும் நீக்கப்பட்டது. மௌலவி அவர்களே அரபிப் பாடநூல்கள் எழுதினார். அரபி ஆசிரியர்களுக்கான தேர்வின் தலைமைத் தேர்வாளராகவும் விளங்கினார். மார்க்கமும் கல்வியும் ஒரே கூரையின் கீழ் அமர்ந்தபோது, பெற்றோரின் அச்சம் தணிய வழி பிறந்தது.

குடும்பத்தின் ஊக்கம் என்ன செய்யும் என்பதற்கும் அதே திருவிதாங்கூர் சான்று தருகிறது. 1927-இல் பத்தனம்திட்டையில் பிறந்த எம். ஃபாத்திமா பீவி அவர்களைச் சட்டம் படிக்கத் தூண்டியவர் அவருடைய தந்தையே. அந்த மகள் 1989-இல் உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியானார். 1997 முதல் 2001 வரை தமிழகத்தின் ஆளுநராகவும் இருந்தார்.

சகோதரர்களே! பழைய அச்சம் ஒழிந்துவிட்டது என்று நாம் நிம்மதி கொள்ளலாமா? அது வேறு கதவை அடைக்கத் தொடங்கியிருக்கிறது என்றே அஞ்சுகிறோம். அன்று தீன் போய்விடும் என்று பள்ளிக்கூடத்தை நிறுத்தினோம். இன்று மதிப்பெண் போய்விடும் என்று, பத்தாம் வகுப்பு வந்ததும் ஓத்துப்பள்ளியை நிறுத்துகிறோம். அன்றும் இன்றும் பிள்ளையின் மனத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டோர் குறைவு. வாப்பா வளைகுடாவில், உம்மாவின் தலையில் வீட்டுப் பொறுப்பனைத்தும், பிள்ளை தொலைதூர விடுதியில். வாப்பா தொலைபேசியில் முதலில் கேட்பது மதிப்பெண்ணை. அடுத்துக் கேட்பது தொழுகையை. இரண்டிற்கும் அவர் விரும்பும் விடையைச் சொல்லப் பிள்ளை பழகிக்கொள்கிறான்.

இதைக் குறித்து அறிஞர் இப்னு கல்தூன் 1377-இல் எழுதிய ‘முகத்திமா’விலேயே எச்சரித்துள்ளார். கடுமையால் வளர்க்கப்படும் மாணவன் ஊக்கம் இழப்பான். தண்டனைக்கு அஞ்சி உள்ளொன்று வைத்துப் புறமொன்று பேசுவான். நாளடைவில் அதுவே அவன் குணமாகிவிடும் என்பது அவர் கருத்து. மார்க்கத்தைப் பிற பயன்களுக்காகப் பற்றிக்கொள்வதையும், மார்க்கத்தையே உள்ளத்தின் வாழ்வாகக் கொள்வதையும் 1967-இல் உளவியலாளர் ஆல்போர்ட்டும் ராஸும் தம் ஆய்வில் வேறுபடுத்திக் காட்டினர். பிறர் கண்ணுக்காக மட்டும் தொழுபவன் அந்தக் கண் மறைந்ததும் விட்டுவிடக்கூடும். அல்லாஹ் காண்கிறான் என்று உணர்ந்தவனுக்கு விடுதி அறையும் பள்ளிவாசலும் ஒன்றே.

தமக்குப் பத்துப் பிள்ளைகள் இருந்தும் ஒருவரைக்கூட முத்தமிட்டதில்லை என்று ஒருவர் கூறியபோது, இரக்கம் காட்டாதவர் இரக்கம் காட்டப்படமாட்டார் என அண்ணல் நபி (ஸல்) அவர்கள் உணர்த்தினார்கள். நமது மனஇயல் பாடத்தின் முதல் வரி அதுவே.

எனவே, பள்ளித் தேர்வுக் காலத்தை அறிந்து ஓத்துப்பள்ளியின் நேரத்தை மாற்றியமைப்போம். மேல்நிலை மாணவ மாணவியர் தம் ஐயங்களை அச்சமின்றிக் கேட்க, வாரம் ஒரு மணி நேரமேனும் உஸ்தாதுமார் முன் வாய்ப்பளிப்போம். வெளியூர் சென்ற பிள்ளையிடம் “உன் மனம் எப்படி இருக்கிறது?” என்று முதலில் கேட்போம். மௌலவி அவர்கள் அரசின் கதவைத் தட்டித் திறந்தார். நாம் திறக்க வேண்டியது நம் வீட்டுக் கதவு மட்டுமே.

எல்லாம் வல்ல அல்லாஹ் நம் மக்களை ஈமானும் கல்வியும் ஒருங்கே பெற்ற நன்மக்களாக ஆக்கியருள்வானாக! ஆமீன்.