ஏரிக்கரையும் ஓய்வு நாளும்

வார இறுதியில் குடும்பத்தோடு பூங்காவுக்கோ ஏரிக்கரைக்கோ சென்று வருதல் இன்று எளிய செயலாகிவிட்டது. எளிய செயல்களுக்கும் வரலாறு உண்டு. ஒருவர் அவ்வாறு சென்றுவர மூன்று வேண்டும்: செல்வதற்கோர் இடம், அதனை அடைய ஒரு வழி, செல்வதற்கு ஒரு நாள். இம்மூன்றும் நம் நாட்டில் ஒரே காலத்தில் தோன்றியவை அல்ல. எல்லாருக்கும் ஒன்றாகக் கிடைத்தவையும் அல்ல. தைப்பிங் ஏரிப் பூங்காவைச் சான்றாகக் கொண்டு இதனைக் காண்போம்.

முதலாவது, இடம். பேராக் மாநிலத்து லாரூட் பகுதியில் 1840களில், லோங் ஜாபார் காலத்தில், ஈயத் தொழில் பெருகிற்று. சீனத் தொழிலாளர் திரளாக வந்தனர். கீ ஹின், ஹாய் சான் என்னும் இரு சங்கத்தாரிடையே சுரங்க நிலத்திற்கும் நீர்க்காலுக்குமாக 1861 முதல் மூண்ட போர்கள், 1874ஆம் ஆண்டு பங்கோர் உடன்படிக்கையோடுதான் ஓய்ந்தன. அதன் பின்னரே, நிலைத்த அமைதி எனப் பொருள்படும் தைப்பிங் என்ற பெயர் ஊருக்கு வழங்கலாயிற்று.

ஈயம் எடுத்து முடிந்த நிலம் குழிகளாகக் கிடந்தது. நம் நாட்டில் மழை மிகுந்த ஊர்களுள் தைப்பிங்கும் ஒன்று. குழிகளை மழை நிரப்பிற்று. கைவிடப்பட்ட அந்த ஈயலம்பக் குட்டைகளைப் பூங்காவாக்கலாம் என்ற கருத்து, பேராக் காவற்படைத் தலைவராயிருந்த கர்னல் வாக்கருடையது என்பர். 1880இல் பூங்கா தொடங்கப்பெற்றது. 1884 அளவில் புல்லும் பூஞ்செடிகளும் மரங்களும் நடப்பெற்றன. இன்று ஏறத்தாழ 64 ஹெக்டர் பரப்பில் விளங்குகிறது.

கோலாலம்பூர் ஏரிப் பூங்காவின் பிறப்பு வேறு வகையானது. சிலாங்கூர்க் கருவூல அதிகாரி ஆல்பிரட் வென்னிங் 1888இல் அதற்கு வித்திட்டார். ரெசிடெண்டு பிராங்க் சுவெட்டன்ஹாம் துணை நின்றார். சிற்றாறு ஒன்றை அணையிட்டுத் தேக்கி ஏரி அமைத்தனர். 1889 மே 13ஆம் நாள் கவர்னர் சிசில் கிளமெண்டி ஸ்மித் அதனைத் திறந்து வைத்தார். மறு ஆண்டே, ஐரோப்பிய உயர் அதிகாரிகளின் மன்றம் ஒன்று அதன் அருகில் எழுந்தது. பொதுப் பூங்கா எனினும், மாலைப் பொழுதை அங்குக் கழிக்க யாருக்கு ஓய்விருந்தது என்பதற்கு இதுவே சான்று.

இரண்டாவது, வழி. நம் நாட்டின் முதல் இருப்புப்பாதை தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டு துறைமுகத்திற்கு 1885 ஜூன் 1ஆம் நாள் திறக்கப்பட்டது. அதன் நீளம் எட்டு மைல். ஈயம் ஏற்றிச் செல்லவே அது போடப்பட்டது. போட்டவர்கள் இலங்கையிலிருந்து வந்த பயனியர் படைத் தொழிலாளர். பின்னர் நாடெங்கும் தண்டவாளம் நீண்டபோது, காடு வெட்டியும் மண் சுமந்தும் உழைத்தவர்களுள் தமிழர் பலர்; நிலையங்களில் பணியாற்றியவர்களுள் யாழ்ப்பாணத் தமிழர் பலர்.

மூன்றாவது, நாள். இதுவே கடைசியாக வந்தது. தொழிலாளிக்கு வாரந்தோறும் ஒரு முழு நாள் ஓய்வு தர வேண்டும் என 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் விதித்தது. அது நடைமுறைக்கு வந்தது 1957 ஜூனில். பூங்கா தொடங்கி அப்போது எழுபத்தேழு ஆண்டுகள் ஆகியிருந்தன. அதற்கு முன்னும் தொழிலாளர் சட்டங்கள் இருந்தன என்பது உண்மையே. ஆயினும் நாட்கூலிக்காரருக்கு வேலை செய்த நாளுக்கே கூலி. ஓய்ந்திருந்தால் அன்றைய கூலி இல்லை. சட்டம் தந்த நாளை வறுமை திரும்ப வாங்கிக்கொண்டது. உரிமை வேறு, அதனை நுகரும் வசதி வேறு என்பதை நாம் மறத்தலாகாது.

என் தாயார் பால்மரம் வெட்டியவர். தைப்பிங் ஏரியை அவர் முதன்முதல் கண்டது, நான் பயிற்சிக் கல்லூரி முடித்து வேலையில் அமர்ந்த பின்னரே. கரையில் நின்று சிறிது நேரம் பார்த்துவிட்டு, “இது தோண்டின பள்ளம்தானேப்பா?” என்றார். கல்வெட்டு எதனையும் அவர் படிக்கவில்லை. மண்வெட்டி பிடித்த கை மண்ணின் வடிவை அறிந்துகொண்டது.

சென்ற ஆண்டு எம் பள்ளி மாணவரை அங்கு அழைத்துச் சென்றேன். கிளைகள் சாலையைக் கடந்து நீரைத் தொடும் மரங்களைக் கண்டு வியந்தனர். அவை தூங்குமூஞ்சி மரங்கள். மாலையில் இலை மடிந்து உறங்குவதால் வந்த பெயர். அமெரிக்க வெப்ப நாடுகளிலிருந்து வந்தவை என்றேன். உடனே ஒரு சிறுமி, “நம்ம பால்மரமும் அங்கிருந்துதானே சார் வந்துச்சு?” என்று கேட்டாள். அந்தப் பால்மரங்களும் எங்கள் தோட்டத்தில் இப்போது இல்லை, செம்பனை நிற்கிறது. லயங்களிற் பாதி காலியாகிவிட்டன.

ஆசிரிய நண்பர்களே, மாணவரைச் சுற்றுலா அழைத்துச் செல்லுங்கள். விளையாடட்டும், படகில் செல்லட்டும். திரும்புமுன் ஒரு வினாவை மட்டும் கேளுங்கள்: இக்குழியைத் தோண்டியவர் யார், இங்கு வரும் வழியைப் போட்டவர் யார், அவர்களுக்கு இங்கு வந்து அமர ஒரு நாள் கிடைத்ததா? விடை தேடும் மாணவன் ஏரியைக் குறைவாக மகிழமாட்டான். தன் பாட்டன் பாட்டியை மட்டும் சற்றுக் கூடுதலாக மதிப்பான்.