பொருள் தேடும் நெறியும் புதுமாணாக்கரும்

கல்லூரியிற் புதிதாகப் புகும் தமிழ் மாணாக்கர் தமக்கு வேண்டிய பொருளை எங்ஙனம் தேடுகின்றனர், தேடிக் கண்டதனை எங்ஙனம் கொள்கின்றனர் என்பது ஆழ்ந்து நோக்கற்பாலது. இதனை வரலாற்று முறையில் ஆராய்தல் நலம் பயக்கும்.

பண்டு தேடுதல் என்பது பெரும்பாலும் நினைவுகூர்தலே ஆயிற்று. நிகண்டுகளை மாணாக்கர் நெட்டுருச் செய்தனர். பன்னிரு தொகுதிகளையுடைய திவாகரத்தில் சொற்கள் பொருள்வகையால் இனஞ்சேர்ந்து நின்றன. ஆதலின், ஒரு சொல்லை அறிந்தவன் அதன் சுற்றத்தையும் உடன் அறிந்தான். ஒருசொல் பலபொருள் குறித்தலைப் பதினோராம் தொகுதி தனியே உணர்த்திற்று.

1594-இல் சிதம்பரம் இரேவண சித்தர் இயற்றிய அகராதி நிகண்டு சொற்களை முதலெழுத்து முறையில் நிறுத்தியது. 1732-இல் வீரமாமுனிவர் பெயர், பொருள், தொகை, தொடை என்னும் நாற்பகுப்பாகச் சதுரகராதியை அமைத்தார். மனனம் செய்யாதானும் சொற்பொருள் காணும் வழி இவற்றால் பிறந்தது. ஆயின் சொற்சுற்றம் சிதறிற்று. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகச் சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி, நூல் மேற்கோள்களைத் தந்து அக்குறையை ஒருவாறு ஈடுசெய்தது. அப்பல்கலைக்கழகத்தில் 1924-இல் நூலகர் பொறுப்பேற்ற இரங்கநாதன், 1931-இல் வெளியிட்ட நூலக விதிகள் ஐந்தனுள் படிப்போர் காலத்தைக் காத்தலையும் ஒன்றாக வைத்தார்.

இன்று அப்பேரகராதியும் இணையத்தில் கிடைக்கின்றது. காலம் பெரிதும் காக்கப்படுகின்றது. எனினும் இரண்டு இடர்கள் உள. ‘மா’ என்னும் ஓரெழுத்தொருமொழி மரம், விலங்கு, பெருமை, நில அளவு எனப் பலவற்றைக் குறிக்கும். முதலிற் கண்ட பொருளோடு அமையும் மாணாக்கன் செய்யுளைத் திரித்துணர்வான். இஃது ஒன்று. ‘பொன்’ என எழுத்தளவில் தேடுவார்க்குப் ‘பொற்குடம்’ அகப்படாது. னகரம் றகரமாய்த் திரிந்தமையே காரணம். அகப்படாததனை அந்நூலில் இல்லை என்று அவர் முடிவு செய்வராயின் ஆராய்ச்சியே பிழைபடும். இது மற்றொன்று.

இவற்றாற் பெறப்படுவது யாது? புணர்ச்சி இலக்கணம் தேர்வுக்கு மட்டும் உரிய பாடம் அன்று. இன்று அது தேடற் கருவியும் ஆகும். ஆதலின் முதலாண்டு மாணாக்கர் ஒவ்வொருவரும் ஒரு சொல்லை நிகண்டிலும் பேரகராதியிலும் இணையத்திலும் தேடி, மூன்றன் விடைகளையும் மூலநூலோடு ஒப்பிட்டு எழுதுமாறு பயிற்றுதல் வேண்டும். விரைவு கருவியால் வரும். தெளிவு பயிற்சியாலன்றி வாராது.