கைமுதலும் முன்னுரிமையும்: கலிபோர்னியாவின் பள்ளிக் கட்டட நிதிமுறை

எந்தப் பள்ளியின் கூரையை முதலில் மாற்றுவது என்ற கேள்விக்குக் கட்டடத்தைச் சோதித்த பொறியாளர்தான் விடை சொல்ல வேண்டும். கலிபோர்னியாவில் அவருக்கு முன்பாகவே அந்த வட்டாரத்து வீடுகளின் வரிமதிப்பு விடை சொல்லிவிடுகிறது. அங்கே பள்ளி மாவட்டம் என்பது தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியம் நடத்தும் தனி உள்ளாட்சி அமைப்பு. வாக்காளர் இசைந்தால் கட்டடத்துக்காகக் கடன்பத்திரம் வெளியிட்டு, சொத்துவரியிலிருந்து அதை அடைக்கலாம். 1971இல் செரானோ வழக்கில் அம்மாநில உச்ச நீதிமன்றம், பிள்ளையின் கல்வி வட்டாரத்தின் செல்வத்தைச் சார்ந்திருக்கக் கூடாது என்றது. அந்தக் கொள்கை பள்ளிகளின் அன்றாடச் செலவை மாற்றியது, கட்டடங்களைத் தொடவில்லை. 1978இல் மாநில வாக்காளர்கள் நிறைவேற்றிய 13ஆம் முன்மொழிவு சொத்துவரியை மதிப்பில் ஒரு விழுக்காட்டோடு நிறுத்தியபோது உள்ளூர்க் கடன்பத்திரங்களுக்கும் வழி அடைபட்டது. 1986இல் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு என்ற நிபந்தனையோடு அந்த வழி மீண்டும் திறந்தது. 2000இன் 39ஆம் முன்மொழிவு அதை 55 விழுக்காடாகத் தளர்த்தியது. பின்வந்த இந்த இரு திருத்தங்களும் கடன் வாங்குவதை எளிதாக்கினவே தவிர, யாரால் எவ்வளவு வாங்க முடியும் என்ற ஏற்றத்தாழ்வை அப்படியே விட்டுவிட்டன.

அந்த ஏற்றத்தாழ்வு எவ்வளவு பெரிது என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். தொடக்கநிலை முதல் மேல்நிலை வரை நடத்தும் ஒருங்கிணைந்த மாவட்டத்தின் கடன், பொதுவாக மொத்த வரிமதிப்பில் 2.5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. ஒரு மாணவருக்கு 20 லட்சம் டாலர் வரிமதிப்பு உள்ள மாவட்டத்தையும், 2 லட்சம் டாலர் உள்ள மாவட்டத்தையும் எடுத்துக்காட்டாகக் கொள்வோம். முதல் மாவட்டம் மாணவர் ஒருவருக்கு 50,000 டாலர் வரை கடன் வாங்கலாம். இரண்டாவதால் 5,000க்கு மேல் முடியாது. 1998ஆம் ஆண்டுச் சட்டம் இந்த வேறுபாட்டின் மேல்தான் மாநில மானியத்தை ஏற்றி வைத்தது. இன்று புதுக் கட்டடத்துக்குக் குறைந்தது 50 விழுக்காடும், புதுப்பித்தலுக்குக் குறைந்தது 60 விழுக்காடும் மாநிலம் தருகிறது. மீதியை மாவட்டம் கொண்டுவர வேண்டும். கைமுதல் இருப்பவருக்கே மானியமும் சேர்கிறது. விண்ணப்பங்களைப் பரிசீலிப்பதும் பெரும்பாலும் முந்தி வந்தவருக்கு முதலிடம் என்ற வரிசைப்படிதான். திட்ட வரைவாளர்களையும் ஆலோசகர்களையும் அமர்த்தி வைத்திருக்கும் மாவட்டம் அந்த வரிசையில் முந்துவதில் வியப்பில்லை. புதுப்பித்தலுக்கான தகுதியும் வயதைத்தான் பார்க்கிறது: நிலைக் கட்டடத்துக்கு 25 ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும். ஒழுகும் கூரைக்கும் ஒழுகாத கூரைக்கும் அந்த அளவுகோலில் வேறுபாடில்லை. 2016இல் 900 கோடி டாலர் மாநிலக் கடன்பத்திரமான 51ஆம் முன்மொழிவை ஆளுநர் ஜெரி பிரவுன் எதிர்த்தபோது, அந்தப் பணம் வருவாய் குறைந்த சமூகங்களுக்குச் சென்றால் நல்லது என்பதும் அவர் சொன்ன காரணங்களுள் ஒன்று. முன்மொழிவு வென்றது, வரிசை முறை தொடர்ந்தது.

உள்ளூர் வாக்காளரின் இசைவே இம்முறையின் அறம்; தம் பள்ளிக்கு வரி கொடுக்க முன்வராதவர்களுக்கு மாநிலம் ஏன் கொடுக்க வேண்டும் என்று கேட்கப்படுகிறது. வாதம் வலுவானதுதான். ஆனால் 55 விழுக்காட்டு விதி வந்தபின் பெரும்பாலான பள்ளிக் கடன்பத்திரங்கள் வாக்கெடுப்பில் வென்றுவருகின்றன. இசைவுக்குப் பஞ்சமில்லை, இசைவின் விலைதான் இடத்துக்கு இடம் வேறுபடுகிறது. ஒருங்கிணைந்த மாவட்டத்தில் 39ஆம் முன்மொழிவின்படியான ஒரு கடன்பத்திரத்துக்கு ஒரு லட்சம் டாலர் வரிமதிப்புக்கு ஆண்டுக்கு 60 டாலர் என்பது உச்சவரம்பு. மேலே கண்ட இரு மாவட்டத்தாரும் அதே வீதத்தில் வரி செலுத்தினாலும் ஒருவருக்குக் கிடைப்பதில் பத்தில் ஒரு பங்குதான் மற்றவருக்குக் கிடைக்கும். இந்த வரிவீத நெருக்கடி வசதியான இடங்களையும் கோணல் வழிக்குத் தள்ளியதுண்டு: சான் டியேகோ வட்டாரத்தின் போவே மாவட்டம் 2011இல் ஏறத்தாழ 10.5 கோடி டாலர் வாங்கி, 20 ஆண்டுகள் எதுவும் கட்டாமல் இருந்துவிட்டு, பின்னர் 98 கோடிக்கு நெருக்கமான தொகையைத் திருப்பித் தர ஒப்புக்கொண்டது. 2013இல் சட்டமன்றம் அத்தகைய கடனின் மொத்தத் திருப்பீட்டை அசலின் நான்கு மடங்குக்குள் கட்டுப்படுத்தியது. நலிந்த மாவட்டங்களுக்குத் தனிச்சலுகை உண்டே என்பாரும் உளர். உண்டுதான், ஆனால் கடன்வரம்பின் பெரும்பகுதியை ஏற்கெனவே பயன்படுத்தியிருப்பது போன்ற நிபந்தனைகளை நிறைவேற்றி, தன் இயலாமையை மாவட்டமே மெய்ப்பிக்க வேண்டும்.

இதைவிடக் கனமான மறுப்பு நியூ ஜெர்சியிலிருந்து வருகிறது. அபட் வழக்கில் அம்மாநில உச்ச நீதிமன்றம் 1998இல் அளித்த தீர்ப்பின்படி, குறிப்பிட்ட ஏழை மாவட்டங்களின் கட்டடச் செலவு முழுவதையும் மாநிலமே ஏற்றது. 2000இல் அதற்கென 600 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது. நிர்வாகச் சீர்கேட்டால் 2005 வாக்கில் பணம் தீர்ந்து, பல திட்டங்கள் பாதியில் நின்றன. கட்டுமானத்தை நடத்திவந்த மாநில நிறுவனம் 2007இல் கலைக்கப்பட்டு வேறொன்று அமைந்தது. உள்ளூர்ப் பங்கு சுழியமானால் செலவைக் கண்காணிக்கும் கண்ணும் குறையலாம் என்பதை இதிலிருந்து ஏற்கலாம். அதற்காகப் பங்கு எல்லாருக்கும் ஒரே விழுக்காடாக இருக்க வேண்டும் என்று ஆகிவிடாது. மாணவர் ஒருவருக்கான வரிமதிப்பைக் கொண்டு உள்ளூர்ப் பங்கை நிர்ணயித்து, வரிசையைக் கட்டடத்தின் நிலையைக் கொண்டு அமைத்தால், பொறுப்பும் நிற்கும், தேவையும் முன்னே வரும்.

கலிபோர்னியாவில் 2024 நவம்பரில் நிறைவேறிய 1,000 கோடி டாலர் மாநிலக் கடன்பத்திரம் இந்தத் திசையில் ஓர் அடி வைத்தது: வசதி குறைந்த மாவட்டங்களுக்கு மாநிலப் பங்கு புதுக் கட்டடத்தில் 55, புதுப்பித்தலில் 65 விழுக்காடு வரை உயரலாம். முன்பு சொன்ன இரண்டாம் மாவட்டத்தில் மாணவருக்கு 20,000 டாலர் செலவாகும் புதுப்பித்தலை வைத்து இதைச் சோதிக்கலாம். பழைய விதிப்படி மாவட்டம் தர வேண்டியது 8,000 டாலர். புதிய விதிப்படி 7,000. அதன் முழுக் கடன்வரம்போ 5,000. அந்த மாவட்டம் வேலையைத் தொடங்க மாநிலப் பங்கு 75 விழுக்காட்டை எட்டியாக வேண்டும், அதுவும் அதற்குப் பழைய கடன் ஏதும் இல்லாதிருந்தால்.