ஆளைக் கூட்டினால் வேலை சீக்கிரம் முடியுமா?



உங்களில் பலர் சென்னையிலும் பெங்களூரிலும் வெளிநாட்டிலும் மென்பொருள் வேலையில் இருக்கிறீர்கள். சிலருக்கு 'டீம் லீட்' பதவியும் வந்துவிட்டது. மகிழ்ச்சி. ஆனால் போனில் பேசும்போது பலரும் சொல்வது ஒன்றுதான்: "டீச்சர், புரோகிராம் எழுதுறதுகூட சுலபம். ஆளுங்களை வெச்சு வேலை வாங்குறதுதான் கஷ்டம்." இது உங்களுக்கு மட்டும் வந்த கஷ்டம் இல்லை. அறுபது வருடங்களுக்கு முன்பே ஒருவர் இதில் அகப்பட்டு, பட்டதை ஒளிக்காமல் எழுதியும் வைத்தார். அவர் பெயர் ஃபிரெட் புரூக்ஸ்.

அந்தக் காலத்தில் ஒரு கணினிக்கு எழுதிய புரோகிராம் வேறு ரகக் கணினியில் ஓடாது. பெரிய கணினி வாங்கினால் எல்லாவற்றையும் திரும்ப எழுத வேண்டும். இதற்கு முடிவு கட்ட அமெரிக்காவின் ஐபிஎம் நிறுவனம் 1964 ஏப்ரல் 7 அன்று சிஸ்டம்/360 என்ற கணினிக் குடும்பத்தை அறிவித்தது. சிறியதில் எழுதியது பெரியதிலும் ஓடும். அதை உருவாக்கும் பணிக்குத் தலைமை வகித்தவர் புரூக்ஸ். அப்போது அவருக்கு 33 வயதுகூட நிறையவில்லை. உங்களில் பலரின் வயதுதான்!

அந்தக் கணினிகளை இயக்கும் ஓஎஸ்/360 என்ற மென்பொருளின் பொறுப்பும் அவரிடம் வந்தது. சோதனை அங்கேதான் தொடங்கியது. ஒரு கட்டத்தில் ஆயிரம் பேருக்கு மேல் அதில் வேலை செய்தார்கள். அப்படியும் அது தாமதமாகத்தான் வந்தது. செலவோ போட்ட கணக்கைப் போலப் பல மடங்கு ஆனது.

ஏன்? வகுப்பில் நாம் போட்ட கைகுலுக்கல் கணக்கு ஞாபகம் இருக்கிறதா? 5 பேர் ஒருவரோடொருவர் கைகுலுக்கினால் 10 முறை. 10 பேர் என்றால் 45. 20 பேர் என்றால் 190. ஆள் இரண்டு மடங்கு ஆனால் பேச்சு நான்கு மடங்குக்கும் மேல் ஆகிவிடுகிறது. புதிதாக வந்தவருக்கு வேலையை விளக்க, ஏற்கெனவே வேலை தெரிந்தவர்தான் தன் வேலையை நிறுத்த வேண்டும். அதனால்தான் புரூக்ஸ், தாமதமான மென்பொருள் வேலைக்கு மேலும் ஆள் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும் என்றார். இன்று அதைப் புரூக்ஸ் விதி என்கிறார்கள். நாற்று நட ஆள் கூடினால் வயல் சீக்கிரம் முடியும். இட்லி மாவு புளிக்க, எத்தனை பேர் சுற்றி நின்றாலும் ஓர் இரவு வேண்டும்.

இன்னொன்று. மென்பொருள் எப்படி இருக்க வேண்டும் என்ற விவரக் குறிப்பை எழுத வேண்டிய நேரம் வந்தது. வடிவமைப்புக் குழுவில் 10 பேர். "நாங்கள் நன்றாக எழுதுவோம், ஆனால் 10 மாதம் ஆகும்" என்றார்கள். அது கெடுவைவிட 3 மாதம் அதிகம். இன்னொரு குழுவில் 150 பேர். அவர்கள் குறித்த நாளில் முடிப்பதாகச் சொன்னார்கள். 150 பேர் சும்மா இருப்பார்களே என்று வேலையை அவர்களிடமே கொடுத்தார் புரூக்ஸ். அதுவும் 3 மாதம் தாமதமானது. தரமும் குறைந்தது. பல மில்லியன் டாலர் நஷ்டம் தந்த முடிவு அது என்று அவரே எழுதியிருக்கிறார்.

எல்லோருக்கும் எல்லாம் தெரிய வேண்டும் என்று திட்டக் குறிப்பேடு ஒன்றும் வைத்தார்கள். ஆறே மாதத்தில் அதன் கனம் 5 அடி! தினமும் மாற்ற வேண்டிய தாள்கள் மட்டும் சுமார் 150 பக்கம். தாளைக் குவிப்பது வேறு, செய்தி போய்ச் சேர்வது வேறு.

அவர் சொன்னதில் என் மனதில் நின்றது கெட்ட செய்தி பற்றியது. கீழே இருப்பவர் "வேலை பிந்துகிறது" என்று சொன்னதும் மேலதிகாரி பதறி உள்ளே புகுந்தால், அடுத்த முறை அவர் சொல்லவே மாட்டார். ஆகவே நிலவரம் கேட்கும் கூட்டம் வேறு, தீர்வு காணும் கூட்டம் வேறு என்று பிரித்துவிடு என்கிறார். வகுப்பறையிலும் இதுதானே? விடை தெரியாது என்று சொன்ன பையனை அதட்டினால், மறுநாள் அவன் பக்கத்து நோட்டைப் பார்த்து எழுதுவான்.

புரூக்ஸ் ஐபிஎம்மை விட்டுக் கிளம்பும்போது, தலைவர் தாமஸ் வாட்சன் ஜூனியர் அவரிடம், கணினி செய்யும் வேலையைவிட மென்பொருள் வேலையை நிர்வகிப்பது ஏன் இவ்வளவு கடினம் என்று கேட்டார். அதற்கு விடையாகத்தான் 1975-ல் 'தி மித்திக்கல் மேன்-மந்த்' என்ற நூல் வந்தது. அதற்குள் அவர் வட கரோலினாப் பல்கலைக்கழகத்தில் கணினித் துறையைத் தொடங்கி ஆசிரியராகியிருந்தார். 1999-ல் டூரிங் விருது பெற்றார். 2022 நவம்பரில், 91 வயதில் மறைந்தார்.

பிள்ளைகளே, லீட் ஆன பிறகு பேசுவதும் கேட்பதும்தான் உங்கள் முதல் வேலை. குழுவைச் சிறியதாக வையுங்கள். "ஆகும்" என்பவரைவிட "இத்தனை நாள் ஆகும்" என்று உண்மை சொல்பவரை நம்புங்கள். உங்கள் குழுவில் வயதில் இளையவர் பயமில்லாமல் கெட்ட செய்தியோடு உங்களிடம் வருகிறாரா என்று பாருங்கள். வந்தால், நீங்கள் நல்ல லீட்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்