விருந்தோம்பலின் கணக்கு: ஆண்டிஸ் மலைப் பாதைகளில் பெண்களின் உழைப்பு

1935ஆம் ஆண்டு, பொலிவியாவின் லா பாஸ் நகராட்சி ஒரு தடையைக் கொண்டுவந்தது. கூடையோடு வரும் 'சோலா' பெண்கள் டிராம் வண்டியில் ஏறக் கூடாது. அய்மாரா வேர்கள் கொண்ட, பல அடுக்குப் பாவாடையும் வட்டத் தொப்பியும் அணிந்த நகரத்து உழைக்கும் பெண்களைத்தான் அங்கே சோலா என்று அழைத்தார்கள். அவர்களுடைய கூடைகள் உரசித் தங்கள் காலுறைகள் கிழிகின்றன என்று சீமாட்டிகள் புகார் சொன்னதுதான் தடைக்குக் காரணம். அந்தக் கூடைகளில் இருந்தவை அதே சீமாட்டிகளின் வீட்டுச் சமையலுக்கான காய்கறிகள்.

சமையல்காரப் பெண்கள் திரண்டு போராடினார்கள். தடை விலக்கிக்கொள்ளப்பட்டது. அந்தப் போராட்டத்திலிருந்து லா பாஸின் சமையல்காரப் பெண்கள் சங்கம் பிறந்தது. பெட்ரோனிலா இன்ஃபாந்தெஸ் அதன் முக்கியத் தலைவர்களில் ஒருவர். எட்டு மணி நேர வேலை, பிள்ளைகளுக்குக் காப்பகம், இவற்றோடு சமையலைத் தொழிலாக அங்கீகரிக்க வேண்டும் என்றும் அவர்கள் கேட்டார்கள். சில்வியா ரிவேரா குசிகாங்கியும் சுலேமா லெமும் 1988இல் வெளியிட்ட நூலால் இந்தப் பெண்களின் வாய்மொழி வரலாறு நமக்குக் கிடைத்திருக்கிறது.

ஆண்டிஸ் மலைத்தொடரில் இன்று 'பொறுப்புள்ள பயணம்', 'சமூகம் நடத்தும் சுற்றுலா' என்ற சொற்கள் பரவலாகப் புழங்குகின்றன. பெரிய விடுதியில் தங்காமல் கெச்சுவா அல்லது அய்மாரா குடும்பத்தின் வீட்டில் தங்கலாம், அவர்கள் சமைத்ததை உண்ணலாம், பணம் நேரே ஊருக்குப் போய்ச் சேரும் என்பது அதன் வாக்குறுதி. நல்ல வாக்குறுதிதான். ஆனால் வீட்டில் தங்குவது என்றால் ஒரு பெண்ணின் அடுப்படியில் தங்குவது. ஊருக்குப் போய்ச் சேரும் பணம் அந்தப் பெண்ணிடம் போய்ச் சேருகிறதா? இந்தக் கேள்வியைக் கேட்க, பயணத்தின் வரலாற்றைச் சமையலறையின் பக்கத்திலிருந்து படிக்க வேண்டியிருக்கிறது.

பெண் பயணிகளும் பெண் சுமையாளர்களும்

ஃபுளோரா திரிஸ்தான் 1833இல் பிரான்சிலிருந்து பெருவுக்குக் கப்பலேறினார். கணவனைப் பிரிந்தவர். தந்தையின் சொத்தில் பங்கு கேட்டு, அரெக்கிப்பாவில் இருந்த சிற்றப்பாவைத் தேடிப் போனார். பெற்றோரின் திருமணம் சட்டப்படி செல்லாது என்ற காரணத்தால் அந்தப் பங்கு மறுக்கப்பட்டது. திரும்பிவந்து 1835இல் அவர் வெளியிட்ட சிறு நூல், அந்நிய நாட்டுப் பெண்களை நன்கு வரவேற்க வேண்டியதன் தேவையைப் பற்றியது. தனியாகப் பயணம் செய்யும் பெண்ணைச் சந்தேகத்தோடு பார்க்கும் உலகிடம், அவளுக்குத் தங்குமிடமும் மரியாதையும் கேட்டு எழுதப்பட்ட தொடக்ககால நூல்களில் ஒன்று அது.

1838இல் வெளிவந்த அவருடைய பெரு பயண நூலில் 'ரபோனா' என்று அழைக்கப்பட்ட பெண்கள் வருகிறார்கள். படைவீரர்களோடு நடந்த பழங்குடிப் பெண்கள் அவர்கள். படைக்கு முன்னதாகவே போய்ச் சேர்ந்து, உணவு தேடி, அடுப்பு மூட்டி, வீரர்கள் வரும்போது சோறு தயாராக வைத்திருப்பது அவர்கள் வேலை. பானையும் கூடாரமும் பிள்ளையும் அவர்கள் முதுகில். சம்பளப் பட்டியலில் அவர்களுக்கு இடமில்லை. திரிஸ்தான் அவர்களுடைய துணிவை வியந்து எழுதினார். அந்த வியப்பில் ஐரோப்பியப் பார்வையின் இழிவும் கலந்தே இருந்தது. தனக்கு நல்வரவு கேட்ட பெண், தன்னைவிட அதிகமாக நடந்த பெண்களைச் சக பயணிகளாகப் பார்க்கவில்லை.

இதே முரண் எழுபது ஆண்டுகள் கழித்தும் தொடர்கிறது. அமெரிக்கரான ஆனி பெக் 1908இல், 57 வயதில், பெருவின் ஹுவாஸ்கரான் மலையின் வடக்குச் சிகரத்தில் ஏறினார். 1911இல் கோரோபுனா மலையில் 'பெண்களுக்கு வாக்குரிமை' என்ற பதாகையை நட்டார். பெண் விடுதலை வரலாற்றில் அது கொண்டாடத்தக்க காட்சி. அவரோடு ஹுவாஸ்கரானில் ஏறிய சுவிஸ் வழிகாட்டிகளில் ஒருவர் உறைபனியில் விரல்களை இழந்தார். அவர் பெயராவது பதிவில் உண்டு. மலையடிவாரத்திலிருந்து மூட்டை சுமந்தவர்களையும் அவர்களுக்குச் சமைத்து அனுப்பிய பெண்களையும் யாருக்குத் தெரியும்? மேலே ஏறிய பெண்ணின் சுதந்திரத்தைப் பேசும்போது, கீழே நின்றவர்களின் உழைப்பையும் சேர்த்துப் பேசுவது பெண்ணிய வரலாற்றின் கடமை.

கட்டாய விருந்தோம்பல்

ஆண்டிஸின் பண்ணை முறையை அறியாமல் அங்குள்ள விருந்தோம்பலைப் புரிந்துகொள்ள முடியாது. பொலிவியாவில் பண்ணையாரின் நிலத்தில் குடியிருந்த குடும்பங்கள் வயல்வேலையோடு வீட்டுவேலையும் முறைவைத்துச் செய்ய வேண்டும். ஆண்கள் செய்த கட்டாய ஊழியத்துக்குப் 'பொங்கேஆஹே' என்று பெயர். பெண்கள் செய்ததற்கு 'மித்தானாஹே'. தன் வீட்டையும் பிள்ளைகளையும் விட்டுவிட்டு, முறை வரும்போது பண்ணை வீட்டுக்குப் போய்ச் சமைக்க வேண்டும், துவைக்க வேண்டும், பண்ணையாரின் விருந்தினர்களுக்குப் படுக்கை விரிக்க வேண்டும். கூலி கிடையாது. பாலியல் வன்முறைக்குப் பாதுகாப்பும் கிடையாது.

1945 மே மாதம், பழங்குடி மக்களின் முதல் தேசிய மாநாட்டை ஒட்டி, அதிபர் வில்லரோயெல் இந்த ஊழியத்தை ஒழிக்கும் ஆணையைப் பிறப்பித்தார். அடுத்த ஆண்டே அவர் கொல்லப்பட்டார். ஆணை ஏட்டோடு நின்றது. 1952 புரட்சிக்குப் பிறகு, 1953இன் நிலச் சீர்திருத்தத்தோடுதான் அது நடைமுறைக்கு வந்தது. பெருவில் 1969 ஜூன் 24 அன்று வெலாஸ்கோ அரசு நிலச் சீர்திருத்தச் சட்டத்தை அறிவித்தது. பண்ணைகள் உடைந்தன. ஆனால் நிலம் 'குடும்பத் தலைவர்' பெயரில் போனது. குடும்பத் தலைவர் என்றால் பெரும்பாலும் ஆண். ஊர்ச் சபையில் வாக்கும் அவருக்கே. கணவனை இழந்தவர்களும் தனித்து வாழும் தாய்மாரும் மட்டுமே பல ஊர்களில் தம் பெயரில் உறுப்பினராக முடிந்தது.

இந்த இடத்தில்தான் சமூகச் சுற்றுலா முளைக்கிறது. பண்ணையாரின் விருந்தினருக்குப் படுக்கை விரித்த பெண்களின் மகள்கள், இப்போது தம் வீட்டில், தம் விருப்பத்தின் பேரில், கூலி பெற்று அதே வேலையைச் செய்யலாம். இது பெரிய மாற்றம். ஆனால் வீடும் நிலமும் சபையும் யார் பெயரில் இருக்கின்றனவோ அவர்கள் வழியாகத்தான் அந்த மாற்றம் வந்து சேர்கிறது.

தகீலேயின் படகுகள்

பெரு நாட்டின் டிட்டிகாகா ஏரியில் தகீலே என்றொரு சிறு தீவு இருக்கிறது. கெச்சுவா பேசும் மக்கள். நிலச் சீர்திருத்தத்துக்கு முன்பே, 1930களிலிருந்து, பண்ணையார்களிடமிருந்து தங்கள் தீவைத் துண்டு துண்டாக விலை கொடுத்து மீட்டவர்கள். தகீலேயின் நெசவு ஆண்டிஸ் முழுக்கப் புகழ் பெற்றது. பெண்கள் தரையில் முளையடித்துக் கட்டிய தறியில் கச்சைகள் நெய்கிறார்கள். ஆண்டின் வேளாண் பருவங்களைக் குறியீடுகளாகத் தாங்கிய 'நாட்காட்டிக் கச்சை' அவற்றில் ஒன்று. ஆண்கள் காதுமூடிய குல்லாய்களைப் பின்னுகிறார்கள். யுனெஸ்கோ 2005இல் இந்த நெசவுக் கலையை மானுடத்தின் மரபுச் செல்வமாக அறிவித்தது.

1970களில் பயணிகள் வரத் தொடங்கியபோது தீவு மக்கள் எடுத்த முடிவுகள் வியப்பூட்டுபவை. விடுதி கட்ட வெளியாருக்கு இடம் தரவில்லை. பயணிகளைக் குடும்பங்கள் முறைவைத்துத் தங்கவைத்தன. யார் வீட்டுக்கு எந்தப் பயணி என்பதைத் தீவின் அதிகாரிகள் தீர்மானித்தார்கள். துணிகள் பொதுக் கடையில், பேசி முடித்த விலையில் விற்கப்பட்டன. பூனோ நகரிலிருந்து பயணிகளை ஏற்றிவர அவர்களே குழுக்களாகச் சேர்ந்து படகுகள் வாங்கினார்கள். 1980களில் அந்தப் போக்குவரத்து ஏறத்தாழ முழுவதும் தீவு மக்கள் கையில் இருந்தது.

1990களில் ஃபுஜிமோரி அரசின் தாராளமயக் கொள்கை இதை ஏகபோகம் என்று சொல்லி உடைத்தது. பூனோவின் தனியார் நிறுவனங்கள் உள்ளே வந்தன. பயணிகள் காலையில் வந்து, மதிய உணவு உண்டு, மாலையில் திரும்பும் பழக்கம் பெருகியது. இரவு தங்குவோர் குறைய, முறைவைத்துப் பிரித்துக்கொண்ட வருமானமும் குறைந்தது. 1970களிலிருந்து அங்கே நெசவு கற்று ஆய்வு செய்த மானுடவியலாளர் எலெய்ன் சோர்ன், 2004இல் வெளியிட்ட நூலில் இந்த வரலாற்றை விரிவாக எழுதியிருக்கிறார்.

தகீலேயின் கதையைப் பொதுவாகச் 'சமூகம் எதிர் சந்தை' என்று சொல்வார்கள். அதில் உண்மை உண்டு. கூடவே இன்னொரு கணக்கும் இருக்கிறது. படகு ஆண்களின் சொத்து. பூனோவுக்குப் போய்வருவதும் ஸ்பானிய மொழியில் பேரம் பேசுவதும் ஆண்களின் வேலை. பெண்கள் சமைத்தார்கள், படுக்கை விரித்தார்கள், நெய்தார்கள், ஆடும் வயலும் பிள்ளைகளும் பார்த்தார்கள். ஆகவே சந்தை உள்ளே நுழைந்தபோது ஆண்கள் இழந்தது படகின் வருமானம். பெண்கள் இழந்தது, தம் வீட்டில் தம் கையால் ஈட்டிய இரவு வருமானம். ஊருக்கு இழப்பு என்று ஒரே சொல்லில் சொன்னால் இந்த இரண்டாவது இழப்பு மறைந்துபோகும். 'சமூகம்' என்பதை ஒற்றை ஆளாகப் பார்க்கும் எந்தச் சுற்றுலாத் திட்டமும் இந்தத் தவற்றைச் செய்யும்.

உடையும் பெயரும்

பெருவின் மானுடவியலாளர் மரிசோல் தெ லா கதேனா, குஸ்கோ அருகே ஒரு கிராமத்தை ஆராய்ந்து 1991இல் எழுதிய கட்டுரைக்கு 'பெண்கள் கூடுதலாக இந்தியர்கள்' என்ற பொருள்படும் தலைப்பு வைத்தார். ஆண் நகரத்துக்குப் போய், ஸ்பானிய மொழி கற்று, உடை மாற்றி, கலப்பினத்தவனாக உயர்ந்துவிடலாம். ஊரில் தங்கிப்போன பெண் 'இந்தியச்சி'யாகவே எண்ணப்படுகிறாள். ஒரே குடும்பத்துக்குள் இனப் படிநிலையும் பால் படிநிலையும் பின்னிக்கிடப்பதை அந்தக் கட்டுரை காட்டியது.

சுற்றுலா இந்தப் படிநிலையைத் தலைகீழாக்குவதுபோலத் தோன்றும். நேற்றுவரை டிராமில் ஏறவிடாமல் தடுத்த அதே பாவாடைதான் இன்று விளம்பரப் படத்தில் இருக்கிறது. குஸ்கோ தெருக்களில் ஆட்டுக்குட்டியோ அல்பாக்காவோ ஏந்தி நின்று, படமெடுக்கக் காசு வாங்கும் பெண்களுக்கு 'சாக்கமே ஃபோட்டோ', அதாவது 'என்னைப் படமெடு', என்றே பெயராகிவிட்டது. உடைக்கு விலை வந்திருக்கிறது. உடுத்தவளின் பெயரை யாரும் கேட்பதில்லை.

சின்சேரோ ஊரில் பிறந்த நெசவாளர் நில்டா கல்யாஞௌபா 1996இல் குஸ்கோவில் மரபு நெசவு மையத்தைத் தொடங்கினார். சாயத் தாவரங்களும் பழைய வடிவங்களும் மறைந்துகொண்டிருந்த நேரம் அது. பல ஊர்களின் நெசவாளர்கள் அதில் இணைந்தார்கள். மூத்தவர்களின் அறிவு இளையவர்களுக்குப் போனது. துணியோடு நெய்தவரின் பெயரும் போகிறது. வாங்குபவர் ஓர் 'இன்காத் துணியை' வாங்கவில்லை, பெயருள்ள ஒருவரின் பல வார உழைப்பை வாங்குகிறார் என்பதை அந்தப் பெயர்ச்சீட்டு சொல்கிறது.

இருபது கிலோ, பதினைந்து கிலோ

மச்சு பிச்சுவுக்குப் போகும் இன்காப் பாதையின் மிக உயரமான கணவாய் 4,215 மீட்டரில் இருக்கிறது. அதன் கெச்சுவாப் பெயர் 'வார்மிவாஞுஸ்கா', இறந்த பெண் என்று பொருள். மலைமுகடு படுத்திருக்கும் பெண்ணின் வடிவில் தெரிவதால் அந்தப் பெயர் என்கிறார்கள். கூடாரம், எரிவாயு உருளை, சமையல் பாத்திரம், பயணிகளின் மூட்டை எல்லாவற்றையும் சுமையாளர்கள் முதுகில் ஏற்றிக்கொண்டு இந்தக் கணவாயைக் கடக்கிறார்கள்.

2001இல் பெரு நாடாளுமன்றம் சுமையாளர் சட்டத்தை நிறைவேற்றியது. ஒருவர் சுமக்கும் எடை 20 கிலோவைத் தாண்டக் கூடாது. பாதையின் தொடக்கத்தில் எடை பார்க்கும் வழக்கம் வந்தது. ஒரு நாளில் பாதையில் செல்வோர், பணியாளர்களையும் சேர்த்து, 500 பேர் என்ற வரம்பும் வந்தது. சுமையாளர் என்றால் ஆண் என்பதே நீண்ட காலம் எல்லோருடைய எண்ணம். சம்பளச் சுமை ஆணுக்கு, சம்பளமற்ற சுமை பெண்ணுக்கு. கடந்த சில ஆண்டுகளில்தான் பெண்களும் சுமையாளர்களாகப் பாதையில் நடக்கத் தொடங்கினார்கள். 2022இன் புதிய சட்டம் ஆண்களுக்கு 20 கிலோ, பெண்களுக்கு 15 கிலோ என்று வரம்பு வைத்தது. எடையில் வேறுபாடு காட்டலாமா என்பது விவாதத்துக்குரியது. ஆனால் சட்டத்தின் வரியில் பெண் சுமையாளர் இடம்பெற்றார் என்பது சிறிய விஷயமல்ல.

பொலிவியாவில் மலையேறுவோருக்குச் சமைத்தும் சுமந்தும் வந்த அய்மாரா பெண்கள் 2015இல் 6,088 மீட்டர் உயர வாய்னா பொதோசியில் தாங்களே ஏறினார்கள். பலர் மலை வழிகாட்டிகளின் மனைவிமார். 2019 ஜனவரியில் அவர்களில் சிலர் அமெரிக்கக் கண்டங்களின் மிக உயரமான அக்கோங்காகுவாவின் 6,961 மீட்டர் உச்சியை எட்டினார்கள். பாவாடையைக் களையாமலே ஏறினார்கள். சமையல் முகாமிலிருந்து உச்சி வரை உள்ள தூரத்தை அவர்கள் நன்றாக அறிந்தவர்கள்.

கேட்க வேண்டியவை

2019இல் பெருவில் இன்னொரு சட்டத் திருத்தம் வந்தது. விவசாயச் சமூகங்களின் நிர்வாகக் குழுக்களில் பெண்கள் குறைந்தது 30 விழுக்காடு இருக்க வேண்டும். சமூகச் சுற்றுலாவின் எதிர்காலத்துக்கு எந்தத் தங்குமிட விளம்பரத்தையும்விட இது முக்கியமானது. யார் வீட்டுக்கு விருந்தினர், வருமானத்தில் எவ்வளவு பொதுநிதிக்கு, எவ்வளவு குடும்பத்துக்கு என்பதெல்லாம் அந்தக் குழுவில்தான் முடிவாகிறது.

ஆண்டிஸ் போகிறவர்களும், அங்கே போகாமல் இதைப் படிக்கும் மாணவிகளும், எந்த ஊரின் 'பொறுப்புள்ள பயண'த்தைப் பார்க்கும்போதும் சில எளிய கேள்விகளைக் கேட்கலாம். படகும் வண்டியும் யார் பெயரில் இருக்கின்றன? அறை வாடகை யார் கையில் தரப்படுகிறது? விருந்தினர் வந்த நாளில் அந்தப் பெண்ணின் வழக்கமான வேலையை யார் பகிர்ந்துகொள்கிறார்கள்? இன்று விருந்தினர் வேண்டாம் என்று சொல்ல அவளால் முடியுமா? கடைசிக் கேள்விதான் விருந்தோம்பலை மித்தானாஹேயிலிருந்து பிரிக்கும் கோடு.

லா பாஸின் சமையல்காரப் பெண்கள் டிராமில் ஏறும் உரிமையை வென்றார்கள். சமையலும் ஒரு தொழில்தான் என்ற அவர்களுடைய கோரிக்கை மட்டும் இன்னும் முழுதாக ஏற்கப்படவில்லை. வீட்டுத் தங்கல் விளம்பரங்கள் அந்த உழைப்பை 'அன்பு' என்றும் 'மரபு' என்றும் அழைக்கின்றன. அவர்கள் கேட்டது அதற்கான மணிக்கணக்கும் கூலியும் ஓய்வும்.