ஞாயிற்றைக் கேள்வி கேட்ட மலை

1876இல் சென்னை மாகாணத்தைப் பெரும் பஞ்சம் பிடித்து உலுக்கிற்று. இலட்சக்கணக்கில் மக்கள் மாண்டனர். விதி என்று நொந்தோர் பலர். வானம் பொய்ப்பதற்கு ஞாயிற்றில் காரணம் உண்டா என ஆராயக் கேட்டனர் அறிவியலார். அந்தக் கேள்வியின் பயனே பழனி மலைத்தொடரில், பள்ளங்கி முதலான சிற்றூர்களுக்கு அண்டையில், 1899இல் தோன்றிய கோடைக்கானல் வானாய்வுக்கூடம்!

1909 சனவரியில் அங்கே எவர்ஷெட் என்பார் ஞாயிற்றுப் புள்ளியின் ஒளியை நிறமாலையாகப் பிரித்தார். கோடுகள் சற்றே இடம் பெயர்ந்திருந்தன. நம்மை நெருங்கும் பொருளின் ஒளி நீலத்தின் பக்கம் நகரும். விலகுவதன் ஒளி சிவப்பின் பக்கம் நகரும். ஆகவே புள்ளியினின்று வாயு வெளிநோக்கிப் பாய்கிறது என்று நிறுவினார். உலகம் அதனை ‘எவர்ஷெட் விளைவு’ என்றே வழங்குகிறது.

புள்ளிகளை எண்ணி மழையைக் கணிக்க முடிந்ததா? முடியவில்லை. அதனை அறிவியல் மறைக்கவுமில்லை! சோதிடம் பொய்த்தால் பரிகாரம் சொல்வர். ஆய்வு பொய்த்தால் அடுத்த கேள்வி பிறக்கும். நூறாண்டுக்கு மேலாக அம்மலையில் எடுத்த ஞாயிற்றுப் படங்கள் இன்று கணினியில் ஏறி, புதிய வினாக்களுக்கு விடை தருகின்றன.

தோழர்களே, ஞாயிற்றைக் கும்பிட்டவர் கோடி. கேள்வி கேட்டவர் சிலர். நாம் அச்சிலரோடு நிற்போம்!